ஆளில்லாத தீவுக்கு ஒரு பேனர்

பேனர் தொழிலில் மன்னிக்க முடியாத குற்றம் ஒன்றே ஒன்றுதான். நிறம் மங்கினால் பேசிச் சமாளிக்கலாம். எழுத்துப்பிழை வந்தால் மேலே ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம். ஒரு மூஞ்சி விட்டுப்போனால் மட்டும் தப்பிக்க வழியில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு அம்மையார்குப்பத்தில் ஒரு காதுகுத்து. தாய்மாமன்கள் மூன்று பேர், பேனரில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். மூன்றாவது மாமன் சீர்த்தட்டைக் கீழே வைத்துவிட்டு, "நான் இல்லாத விசேஷத்துக்கு நான் இன்னாத்துக்கு?" என்று மண்டப வாசலில் உட்கார்ந்துவிட்டார். அவர் மடியில்தான் குழந்தையை வைத்துக் காது குத்த வேண்டும். ஆசாரி ஊசியும் கையுமாக நிற்கிறார். திருத்தணியிலிருந்து புதுப் பேனரைச் சுருட்டிக்கொண்டு நான் ஸ்கூட்டியில் பறந்துபோய்ச் சேர்ந்த பிறகுதான் மாமன் எழுந்தார்.

அன்றிலிருந்து எந்த டிசைனையும் அச்சுக்கு அனுப்பும் முன்பு மூஞ்சிகளை இரண்டு தடவை எண்ணுவேன். என் பெயர் அனுசுயா. ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற தெருவில் எங்கள் கடை. டிசைன் நான், மெஷின் என் வீட்டுக்காரர் குணசேகரன், கம்பு நட்டுக் கட்டுவது சாமிநாதண்ணன். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கிருத்திகைக்குக் காவடி எடுக்கிறவர்களை வரவேற்பது, கண்ணீர் அஞ்சலி என்று பதினாறு வருடமாகச் சுற்றுவட்டாரத்து மூஞ்சிகள் அத்தனையும் என் கம்ப்யூட்டரில் ஊர் ஊராகப் பிரித்துக் கிடக்கின்றன.

போன தை மாதம், ஒரு புதன்கிழமை காலை, கௌதமன் என்றொருவர் கடைக்கு வந்தார். சென்னைக்காரர். கதர் ஜிப்பா, கழுத்தில் உருத்திராட்சம், கையில் பென் டிரைவ். கலை வட்டம் ஒன்று நடத்துகிறாராம். வருகிற ஞாயிற்றுக்கிழமை திருத்தணியிலேயே ஒரு கல்யாண மண்டபத்தில் ஓவியக் கண்காட்சி. வாசலில் இருபதுக்குப் பதினைந்து அடியில் பேனர் வேண்டும்.

"போன ஐப்பசியில ஒரு தீவுல முகாம் போட்டோம்மா. எழுத்தாளர்கள், ஓவியர்கள்னு நாற்பத்தோரு பேர். அஞ்சே நாள். அங்க வந்து எழுதாதவன் இல்லை, வரையாதவன் இல்லை. அப்படி ஒரு எடம். பத்து வருஷமா ஒரு வரி எழுதாத ஒருத்தர் ஒரே ராத்திரியில முப்பது பக்கம் எழுதினார்."

"தீவா? எங்க சார், ராமேஸ்வரம் பக்கமா?"

"அதான் ஆச்சரியம். இங்கேர்ந்து இருபத்தஞ்சு கிலோமீட்டர். பள்ளிப்பட்டு போற வழி. நாவல்கண்டிகைன்னு ஒரு ஊரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. நாவல்கண்டிகை என் பிறந்த ஊர். ஆறு அங்கே இரண்டாகப் பிரிந்து ஊரைச் சுற்றிக்கொண்டு போய் மறுபடி சேரும். வருடத்தில் பத்து மாதம் இரண்டு பக்கமும் வெறும் மணல், ஆடு மேயும். ஆந்திராப் பக்கத்து மலையில் மழை கொட்டினால்தான் இரண்டு கிளையிலும் தண்ணீர் ஓடும். தரைப்பாலம் முங்கிவிடும். நாங்கள் யாரும் அதைத் தீவு என்று சொன்னதில்லை. "ஆறு வந்துடுச்சி" என்போம், அவ்வளவுதான். அரிசியும் மண்ணெண்ணெயும் முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்ளாத வீடு அந்தப் பதினைந்து இருபது நாள் திண்டாடும்.

பென் டிரைவைச் செருகி, பேனரில் வரவேண்டிய ஓவியத்தைத் திறந்தேன். வரைந்தவர் சுந்தரமூர்த்தி என்கிற பெரிய ஓவியராம். பொய் சொல்ல மாட்டேன், அழகென்றால் அப்படி அழகு. கீழ்ப்பாதி முழுக்க ஆற்று வெள்ளம், பாலில் தேயிலைத் தூளைக் கொட்டின நிறம். அதற்கு மேலே பனிமூட்டம், நாவல் மரங்கள், இரண்டு கொக்கு. நடுவில் ஓர் ஓட்டு வீடு. வாசலில் நீலம் அடித்த கதவு. கதவுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு சின்ன மாடம்.

அந்த மாடத்தில் விளக்கு வைத்தவள் என் அம்மா. அது எங்கள் வீடு. நீலப் பெயின்ட்கூட என் கல்யாணத்துக்கு அடித்தது.

படத்தைப் பெரிதாக்கி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தேடினேன். தொழில் புத்தி அப்படி. நூற்று நாற்பத்து மூன்று பேர் இருக்கிற ஊர். ஓர் ஆள் இல்லை. துணி காயவில்லை, புகை இல்லை, ஆட்டுக்குட்டிகூட இல்லை. இரண்டு கொக்குக்கு இடம் இருந்திருக்கிறது.

"இன்னா சார், யாருமே இல்லையே படத்துல?"

"அதுதாம்மா அழகு. அந்தத் தனிமைக்காகத்தான் போனோம்." ஓவியத்தின் தலைப்பைத் தொட்டுக் காட்டினார். 'மௌனம்' என்று இருந்தது.

அது என் ஊர் என்று நான் சொல்லவில்லை. அப்போது சொல்ல வாய் வரவில்லை.

காரணம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்பு கார்த்திகை மாதம் ஆறு வந்த மூன்றாம் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல் முற்றி மூச்சு வாங்கியது. என் அப்பா தேசப்பன் லாரி டியூப்பில் காற்றடித்து, அதன்மேல் கதவுப் பலகையைக் கட்டி, ஆள் சேர்த்து அவளைக் கரைக்குக் கொண்டுவரப் பார்த்தார். பாதி ஆற்றில் இழுப்பு தாங்காமல் கயிறு வழுக்க, உயிர் பிழைத்தால் போதும் என்று திரும்பிவிட்டார்கள். இந்தக் கரையில் நான் ஆம்புலன்ஸை நிறுத்திக்கொண்டு நின்றேன். எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் முந்நூறு அடி தண்ணீர். ராத்திரி டார்ச் அடித்தபடி அங்கேயே நின்றேன், விடிவதற்குள் அம்மா போய்விட்டாள். ரஞ்சிதம் என்று பெயர், ஐம்பத்தெட்டு வயது. கண்ணீர் அஞ்சலி பேனரை நானே டிசைன் செய்து நானே அச்சடித்தேன், ஆனால் ஊருக்குள் கொண்டுபோக முடியவில்லை. இந்தக் கரையில் தரைப்பாலத்துக்குப் பக்கத்தில் கட்டினேன். ஆற்றில் போன தண்ணீர்தான் அதைப் பார்த்தது.

அதற்குப் பிறகுதான் ஊர் விடாமல் மனு கொடுத்தது, மேம்பாலம் வேண்டும் என்று. பள்ளிப்பட்டுக்கும் திருத்தணிக்கும் அப்பா நடையாய் நடந்தார். போன வருடம் அளவெடுக்க ஆள் வந்து, இரண்டு கரையிலும் கல் நட்டுவிட்டுப் போனார்கள். கல் நட்ட அன்று அப்பா எனக்கு ஃபோன் செய்து, "கல் நட்டாச்சும்மா" என்று இரண்டு தடவை சொன்னார்.

கௌதமன் அன்று சாயங்காலம் இன்னொரு பேனருக்கு மேட்டர் அனுப்பினார், மேடைக்குப் பின்னால் கட்டுவதற்கு. வாட்ஸப்பில் வந்ததை நான் மூன்று முறை படித்தேன்.

'நாவல்கண்டிகைத் தீவைக் காப்போம். எழுத்துக்கும் ஓவியத்துக்கும் ஊற்றுக்கண்ணாக விளங்கும் இந்தத் தீவின் தனிமையைப் பாலம் கட்டிச் சிதைக்க வேண்டாம் என அரசை வேண்டுகிறோம்.' கீழே நாற்பத்தோரு கையெழுத்து. கண்காட்சிக்குத் தலைமை விருந்தினராக வருகிற அதிகாரியிடம் மேடையிலேயே மனுவைக் கொடுப்பதாக நிகழ்ச்சிநிரல் சொன்னது. பாலத்தின் கோப்பு இருப்பது அதே அதிகாரியின் மேசையில்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மவுஸைத் தூக்கிச் சுவரில் அடித்திருப்பேன், புது மவுஸ் என்பதால் அடிக்கவில்லை. ஃபோனை எடுத்தேன்.

"சார், பாலம் வேணாம்னு எழுதியிருக்கீங்க. அந்த ஊர்ல மனுஷங்க இருக்காங்க, தெரியுமா?"

"தெரியும்மா. அவங்களுக்குத்தான் போட் விடச் சொல்றோம். மோட்டார் போட். ஐப்பசியில நாங்க அதுலதான் போயிட்டு வந்தோம். அவசரத்துக்குப் போதுமே. பாலம் வந்தா லாரி வரும், கடை வரும், மைக் செட் வரும். அப்புறம் அது தீவா? இன்னும் நூறு ஊர்ல ஒரு ஊர் ஆயிடும்."

"நூறு ஊர்ல ஒரு ஊரா இருக்கத்தான் சார் அவங்க மனு குடுத்துகினு இருக்காங்க."

"நீங்க அந்த ஊரா?"

"பொறந்தது அங்கதான்."

"இப்ப இருக்கறது திருத்தணியில. வசதியா, ரயிலு பஸ்ஸுன்னு. அங்க நானே ரெண்டு ஏக்கர் மாந்தோப்பு வாங்கியிருக்கேன். வருஷா வருஷம் கலைஞர்கள் வந்து தங்கக் குடில் போடப் போறேன். பார்த்தா இன்னிக்கு உங்களைவிட நான்தாம்மா அந்த ஊர்க்காரன். நீங்க பிரின்ட் பண்ணிக் குடுங்க, போதும்."

சுருக்கென்றது. ஃபோனை வைத்தேன். அவர் சொன்னது முழுப் பொய்யாக இருந்திருந்தால் அவ்வளவு வலித்திருக்காது. கட்டிக்கொண்டு வந்து இருபது வருடம் ஆகிறது. ஆறு வருகிற நாளில் நான் ஒரு வருடமும் அந்தக் கரையில் இருந்ததில்லை. இந்தக் கரையில்தான் இருந்திருக்கிறேன்.

இரண்டு நாள் அந்த வேலையைத் தொடவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உட்கார்ந்தேன். ஓவியத்தைத் திரையில் விரித்தேன். பக்கத்தில் 'நாவல்கண்டிகை' என்ற ஃபோல்டரைத் திறந்தேன். பதினாறு வருடத்து மூஞ்சிகள் வந்து நின்றன.

குணசேகரன் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். "இன்னா பண்ற நீ?"

"படத்துல ஆள் வுட்டுப்போச்சு. சேத்துகினு இருக்கேன்."

"அனு, கஸ்டமர் குடுத்த மேட்டரை மாத்தறது நம்ம தொழில்ல உண்டா? இன்னிக்கு இவருக்குப் பண்ணா, நாளைக்கு எவன் நம்பி நம்ம கடைக்கு வருவான்?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இத்தனை வருடத்தில் ஒருவர் கொடுத்த மேட்டரில் ஒரு கமாவைக்கூட நான் கேட்காமல் மாற்றியதில்லை. பகையாளிகள் இரண்டு பேர் ஒரே நாளில் ஒருவரையொருவர் திட்டி பேனர் போட்டபோதும் இரண்டையும் சுத்தமாக அச்சடித்துக் கொடுத்தேன்.

"அவர் குடுத்ததுல ஒரு எழுத்தும் அழிக்கல. தலைப்பு அப்படியே இருக்கு, படம் அப்படியே இருக்கு. மேல வைக்கிறேன், அவ்ளோதான். மேடை பேனரை அடிக்கல, அவர் குடுத்த அட்வான்ஸையும் திருப்பிக் குடுத்துடலாம். இது நம்ம பேனர்."

"வம்பு வரும்."

"வரட்டும். வர்ற வம்புக்குத்தான் வாசல்ல வைக்கிறேன்."

அவர் மெஷினில் புது ரோலை மாட்டப் போனார். அதுதான் அவர் சரி என்று சொல்கிற விதம்.

ஆற்று வெள்ளம் இருந்த கீழ்ப்பாதியில் கட்டம் போட்டேன். ஒரு வரிசைக்குப் பன்னிரண்டு, பன்னிரண்டு வரிசை. அப்பாவுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"நைனா, கிழக்குத் தெருவுலேர்ந்து ஒண்ணொண்ணா சொல்லிகினு வா. ஒருத்தர் வுடக் கூடாது."

"இன்னாத்துக்கும்மா?"

விஷயத்தைச் சொன்னேன். அப்பா முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமினார். "எழுதிக்கோ. மொத வூடு மேஸ்திரி வூடு. அஞ்சு பேரு."

முதல் கட்டத்தில் அப்பாவையே வைத்துவிட்டு ஆரம்பித்தேன். அவர் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தார். வாத்தியார் ஜெபசீலன் வீடு ஆறு பேர், மருமகள் டெபோரா மாசமாக இருக்கிறாள், அவளை விட்டுவிடாதே என்றார். பால்காரர் வீடு, செங்கல் சூளை அண்ணன் தம்பி, கோயில் பூசாரி, போன மாதம் பிறந்த குழந்தை. குழந்தைக்குப் படம் இல்லை என்றேன். அரை மணியில் ஃபோனுக்குப் படம் வந்தது, கண் மூடித் தூங்குகிற குழந்தை. சூளைக்காரத் தம்பிக்கு என்னிடம் இருந்தது மொட்டை அடித்த படம். நல்ல படமாகப் போடச் சொல்லி அவனே கூப்பிட்டுக் கெஞ்சினான். மத்தியானத்துக்குள் ஊர் பூராவும் தெரிந்து, ஆளாளுக்குப் படம் அனுப்ப, என் ஃபோன் சூடாகிவிட்டது. மூஞ்சிகளை இரண்டு முறை எண்ணினேன். நூற்று நாற்பத்து மூன்று. கட்டம் நூற்று நாற்பத்து நான்கு. கடைசிக் கட்டம் காலியாக நின்று கண்ணை உறுத்தியது. வழக்கம்போல ஒரு ரோஜாப்பூவை எடுத்துப் போட்டு மூடினேன்.

அம்மாவைக் கட்டத்தில் வைக்கவில்லை. என் மகள் காதுகுத்துக்கு எடுத்த படத்தில் பச்சைப் புடவையில் முழுசாக நின்றிருந்தாள். அதை வெட்டி எடுத்து, ஓவியத்தில் அந்த நீலக் கதவுக்கு முன்னால் நிறுத்தினேன். அளவு சரியாக உட்கார்ந்தது. அவள் நிற்க வேண்டிய இடத்தை விட்டுவைத்த மாதிரியே சுந்தரமூர்த்தி வரைந்திருந்தார். அவள் காலடியில், தோற்றம் இன்ன நாள், மறைவு இன்ன நாள், ஆறு வந்த மூன்றாம் நாள் என்று போட்டேன். கட்டங்களுக்கு மேலே 'இந்தத் தீவில் இருப்பவர்கள்' என்று ஒரு வரி. அடியில் 'பாலம் வேண்டும். இவண், நாவல்கண்டிகை'.

அச்சு இறங்கும்போது மெஷினுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். குணசேகரன் பார்க்காத மாதிரி மை அளவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் சாமிநாதண்ணன் மண்டபத்து வளாகத்துக்குள் சவுக்குக் கம்பு நட்டு பேனரைக் கட்டிவிட்டார். கடைசி வரிசை மூஞ்சிகள் என் முகத்துக்கு நேராக வருகிற உயரம். கம்பிலிருந்து இறங்கியவர் அம்மாவைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

எட்டரைக்குக் கௌதமன் காரில் வந்து இறங்கினார். முதலில் தூரத்தில் இருந்து படத்தைப் பார்த்துச் சிரித்தார். பத்தடி நடந்ததும் சிரிப்பு நின்றது.

"என்ன இது? என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"பேனர் சார்."

"கழட்டுங்க. உடனே கழட்டுங்க. ஒரு ஓவியத்தை இப்படி நாசம் பண்ண எவ்வளவு தைரியம்! ஏதோ மஞ்சத்தண்ணி ஃபங்ஷன் மாதிரி..."

"மஞ்சத்தண்ணி ஃபங்ஷனுக்கு நாங்க யாரையும் வுட மாட்டோம் சார். நீங்கதான் ஊரையே வுட்டுட்டீங்க."

அவர் என்னோடு பேசுவதில் பயனில்லை என்று சாமிநாதண்ணனிடம் திரும்பினார். "நீங்க ஏறி அவுருங்க. அவங்க தர்றதுக்கு மேல தரேன்."

சாமிநாதண்ணன் தலையைச் சொறிந்தார். "அது முடியாதுங்க."

"ஏன்?"

"செத்தவங்க மூஞ்சி இருக்கற பேனருங்க. கட்டினா பதினாறு நாள் கழிச்சுத்தான் அவுப்போம். அதுக்கு முன்ன கைய வெக்க மாட்டோம். இந்த ஊர்ல எவனைக் கூப்ட்டாலும் இதான் சொல்வான்."

"அந்தம்மா செத்து மூணு வருஷம் ஆச்சுன்னு போட்டிருக்கே!"

"பேனரு இன்னிக்குத்தானே கட்டினோம்?" என்றார் சாமிநாதண்ணன், மிக அமைதியாக.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். கௌதமன் மண்டபக் காவலாளியைக் கூப்பிட்டார். காவலாளி மேலே பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டார். சமையல்கட்டிலிருந்து வந்த இரண்டு பேரும் அதே மாதிரி. கடைசியில் கௌதமனே ஏணியில் ஏறினார். எட்டாவது படியில் அம்மாவின் முகம் அவர் முகத்துக்கு நேராக வந்தது. என்ன நினைத்தாரோ, முடிச்சில் கை வைத்தவர் அப்படியே நின்றார்.

அப்போதுதான் நான்கு டிராக்டர்கள் வளாகத்துக்குள் நுழைந்தன. நாவல்கண்டிகை இறங்கியது. பட்டுப்புடவை, வேட்டி, தலைநிறையப் பூ. கல்யாணத்துக்கு வருகிறவர்கள் மாதிரியே வந்தார்கள். ஏணிமேல் இருந்தவரை யாரும் சட்டை செய்யவில்லை. நேராகப் பேனருக்குப் போய் அவரவர் மூஞ்சியைத் தேட ஆரம்பித்தார்கள்.

"யே, இதோ நானு!"

"உன் மூஞ்சி நாலாவது வரிசைடி. எனக்குப் பக்கத்துல எங்க மாமியாரை வெச்சிருக்கா பாரு, வேணும்னே பண்ணியிருப்பா."

"டெபோரா, இதான் நீ. நல்லா வந்துகீற."

கௌதமன் மெள்ள இறங்கி ஏணியைச் சுவரில் சாய்த்தார். உள்ளே இருந்து வெள்ளைத்தாடி வைத்த ஒருவர் சத்தம் கேட்டு வெளியே வந்தார். அவர்தான் சுந்தரமூர்த்தி. தன் படத்தைப் பார்த்தார். முகம் சிவந்தது. "என் பெயின்டிங்ல யார் இதைச் செஞ்சது?" என்று கத்தினார்.

"நான்தான் சார்" என்றேன்.

அவர் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் அப்பா குறுக்கே வந்து நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு.

"வணக்கம் சார். என்னைத் தெரியுதுங்களா?"

ஓவியர் கண்ணைச் சுருக்கினார். "நீங்க... டீ குடுத்தவர்தானே?"

"ஆங். நாலு நாளு என் வூட்டு எதிர்ல ஒக்காந்துகினு வரைஞ்சீங்க. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, டீ கொண்டாந்து குடுத்துட்டு அந்தக் கதவாண்டதான் சார் நான் நின்னுகினு இருந்தேன். உங்க கண்ணுக்கு எதிர்ல. கொக்கு தூரத்துல கீது, அது தெரிஞ்சிகீது உங்களுக்கு."

அப்பா கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டார். சுந்தரமூர்த்தி கதவருகே நிற்கிற பச்சைப் புடவையைப் பார்த்தார்.

"இந்தம்மா?"

"என் சம்சாரம். தண்ணி தாண்ட முடியாம போயிட்டா. நீங்க வரைஞ்ச தண்ணிதான்."

ஓவியர் பேனரின் அடியில் இருந்த 'பாலம் வேண்டும்' என்ற வரியைப் படித்துவிட்டுக் கௌதமன் பக்கம் திரும்பினார். "பாலம் கூடாதுன்னா இருக்கு அந்த மனுவுல? போட் வேணும்னு சொல்லித்தானே எங்கிட்டக் கையெழுத்து வாங்கினீங்க? குடுங்க அதை, நான் முழுசாப் படிக்கணும்."

"அப்புறம் பேசலாம் சார், கெஸ்ட் வந்துட்டார்" என்றார் கௌதமன்.

வெள்ளைக் கார் உள்ளே வந்து நின்றது. அதிகாரி இறங்கினார். ஐம்பது வயது இருக்கும், கண்ணாடி, அரைக்கைச் சட்டை. மாலையும் நாதஸ்வரமும் எதிர்பார்த்து வந்தவரை நூற்றுச் சொச்சம் பேர் திரும்பிப் பார்த்தார்கள். கௌதமன் ஓடிப்போய்க் கையைப் பிடித்து மண்டபத்துக்குள் இழுக்கப் பார்த்தார். அவர் நகரவில்லை. பேனரைப் பார்த்தபடி நின்றார்.

அந்த நேரம் பார்த்து அப்பா என் கையைத் தொட்டார். அவர் இன்னும் மூஞ்சிகளை எண்ணி முடிக்கவில்லை போலிருக்கிறது. விரலை நீட்டி எண்ணிக்கொண்டே கடைசி வரிசைக்கு வந்திருந்தார்.

"யம்மா, கடைசிக் கட்டத்துல பூ இன்னாத்துக்கு?"

"காலியா இருந்துச்சு நைனா. நூத்து நாப்பத்து மூணு பேருதானே? சும்மா அழகுக்குப் போட்டேன்."

"உன் மூஞ்சி எங்க?"

நான் அவரைப் பார்த்தேன்.

"நான்... கட்டிக்கினு போய் இருபது வருஷம் ஆவுது நைனா. நான் அந்த ஊர்க் கணக்குல வருவேனா?"

"யாரு சொன்னது?" என்றார் அப்பா. "ஆறு வந்தப்ப அக்கரையில நின்னுகினு ராத்திரி பூரா டார்ச் அடிச்சியே, அத்தப் பாத்துகினேதான் உங்கம்மா கண்ண மூடினா. அனு நிக்கிறா, அனு நிக்கிறான்னு சொல்லிகினே இருந்தா. உன்ன வுட்டுட்டா எப்படிம்மா கணக்கு சரியாவும்?"

மூன்று வருடமாக இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. டார்ச் வெளிச்சம் அந்தப் பக்கம் எட்டியதா என்றே எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது. மூஞ்சி விட்டுப்போச்சு என்று ஊரைக் கூட்டி நியாயம் கேட்க வந்தவள், கௌதமன் ஃபோனில் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி என் மூஞ்சியையே பூப்போட்டு மூடியிருக்கிறேன்.

அதிகாரி கேட்டது காதில் விழுந்தது. "இவங்கல்லாம் யாரு?"

"சார், அது ஒண்ணுமில்ல" என்றார் கௌதமன். கையில் இருந்த மனுவை நீட்டினார். "பிரின்டிங் மிஸ்டேக். லோக்கல் ஆளுங்க கிட்ட வேலை குடுத்ததுல... நீங்க உள்ள வாங்க, மேடையில முறையாக் குடுக்கறோம்."

நான் நான்கு எட்டு நடந்தேன். பேனரின் கடைசிக் கட்டத்துக்கு முன்னால் போய்த் திரும்பி நின்றேன். ரோஜாப்பூ என் தலைக்குப் பின்னால் மறைந்தது. என் ஒரு பக்கத்தில் போன மாதம் பிறந்த குழந்தை கண்மூடித் தூங்கியது.

"மிஸ்டேக் உண்மைதான் சார்" என்றேன். மண்டபம் முழுக்கக் கேட்கிற சத்தத்தில்தான் சொன்னேன். "ஒரு மூஞ்சி வுட்டுப்போச்சு. அது இதோ இருக்குது. என் பேரு அனுசுயா. ஊரு நாவல்கண்டிகை. இது எங்க மனு, நூத்து நாப்பத்து நாலு பேரு. நேர்ல வந்துகீறோம், ஒவ்வொருத்தரா சரி பாத்துக்கோங்க."

யாரும் சொல்லாமலே ஊர் நகர ஆரம்பித்தது. அப்பா முதல் கட்டத்துக்கு நேராகப் போய் நின்றார், அடுத்து மேஸ்திரி. வாத்தியார் நின்றார். டெபோரா வயிற்றில் கைவைத்துக்கொண்டு தன் மூஞ்சிக்கு நேராக நின்றாள். இடம் போதாமல் முன்னும் பின்னுமாக நெருக்கி நின்றார்கள். மாமியாரும் மருமகளும்கூடப் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். கௌதமன் நீட்டிய காகிதத்தை அவர் இன்னும் வாங்கவில்லை. பேனருக்குப் பக்கத்தில் வந்தார். நீலக் கதவருகே நிற்கிற அம்மாவின் காலடியில் எழுதியிருந்ததை முதலில் படித்தார். பிறகு முதல் வரிசையின் முதல் மூஞ்சிக்கு வந்து, "உங்க பேர் என்னங்க?" என்று கேட்டார்.

"தேசப்பன்" என்றார் அப்பா.

அதிகாரி அடுத்த மூஞ்சிக்குப் போனார்.